பன்னிரண்டு மணி நேரமா, இரண்டு மணி நேரமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் எங்கள் அறக்கட்டளை இரண்டு ஆண்டுகளாக ஒரு சமுதாய வானொலி நிலையத்தை நடத்திவருகிறது. நான் அதன் பொறுப்பாளர். காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை ஒலிபரப்புகிறோம். அதில் பெரும்பகுதி திரைப்படப் பாடல்களே. தொடக்கத்தில் வந்த ஏழு தன்னார்வலர்களில் இப்போது இருவர்தான் இருக்கிறார்கள். இளம்பெண்கள் தொழிற்சாலை வேலைக்கோ திருமணமாகியோ போய்விடுகிறார்கள். மானியப் பணமும் தீர்ந்துவிட்டது. சென்னையிலுள்ள ஒரு விளம்பர ஏஜென்சி மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகவும், மாலை நேரம் முழுவதையும் தானே நிகழ்ச்சி தயாரித்து நடத்திக்கொள்வதாகவும் கேட்கிறது. எங்கள் பொருளாளர் சம்மதிக்கலாம் என்கிறார். ஏழு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர்களில் எங்கள் ஒலிபரப்பு இரைச்சலோடு கேட்பதால், சக்தி கூடிய டிரான்ஸ்மிட்டர் வாங்கலாமா என்றும் யோசிக்கிறோம். உள்ளூர்க் கட்சிப் பிரமுகர்கள் பேட்டி எடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

நீங்கள் பல கேள்விகளாக எழுதியிருந்தாலும் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து. தன்னார்வலர்கள் விலகியது, பணம் போதாமற்போனது, ஏஜென்சியின் அழைப்பு உங்கள் பொருளாளருக்கு நல்வாய்ப்பாகத் தோன்றுவது ஆகிய மூன்றுக்கும், இரண்டு பேரால் நிரப்ப முடியாத பன்னிரண்டு மணி நேரத்தை நாள்தோறும் நிரப்ப முயல்வதே காரணம். ஆகவே ஒலிபரப்பு நேரத்தைத் துணிந்து குறையுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. மாலையில் இரண்டு மணி நேரம், அதே நிகழ்ச்சிகளை மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை. இப்போதைக்கு இது போதும். குறைக்கும் முன் உங்கள் அனுமதி ஒப்பந்தத்தை எடுத்து, ஒலிபரப்பு நேரம் பற்றி நீங்கள் எழுதிக்கொடுத்தது என்ன என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு முறையாகத் தெரிவித்துவிட்டு மாற்றுங்கள். நேரத்தைக் குறைப்பது வேறு, நிலையத்தை மூடுவது வேறு என்பதையும் செயற்குழுவுக்குச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒலிபரப்பு நின்றுபோனால் அனுமதியே ரத்தாகக்கூடும்.

அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒழுங்காகச் செய்வதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஊருக்குப் போய்வர வேண்டும். பேசுபவரின் கூச்சம் தெளியும்வரை காத்திருந்து பதிவு செய்ய வேண்டும். திரும்பி வந்து முழுவதையும் ஒருமுறை கேட்டு, வேண்டாததை வெட்டி, அறிமுகம் சேர்த்து, ஒலியளவைச் சமன்செய்து வைக்க வேண்டும். பழகிய கைக்கே இது ஒரு முழு நாள் வேலை. உங்களிடம் இருக்கும் இருவரும் இதைச் செய்தால் மீதி நேரத்தைப் பாட்டுதான் நிரப்பும். பாட்டுப் பட்டியலைக் கவனிப்பதே வேலையாகிவிட்டால் நிகழ்ச்சி நின்றுபோகும். விலகிச் சென்ற ஐவரைச் சம்பளம் இல்லாததுதான் விரட்டியது என்று நான் நினைக்கவில்லை. ஊரின் குரலைப் பதிவு செய்யலாம் என்று ஆசையோடு வந்தவர்களைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டு மாற்றச் சொன்னால் அவர்கள் எத்தனை மாதம் தாங்குவார்கள்?

திரைப்படப் பாடலைப் பற்றி எனக்குக் கசப்பு எதுவும் இல்லை. ஆனால் மதுராந்தகத்திலோ அச்சிறுபாக்கத்திலோ இன்று பாட்டுக் கேட்க விரும்பும் எவரும் வானொலியை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. கைப்பேசியில் வேண்டிய பாட்டு வேண்டிய நேரத்தில் கிடைக்கிறது. சென்னையின் தனியார் எஃப்.எம். நிலையங்கள் பல கிலோவாட் சக்தியோடும், சம்பளம் வாங்கும் தொகுப்பாளர்களோடும் அதே பாட்டைப் போடுகின்றன. அந்தப் போட்டியில் நீங்கள் இறங்க வேண்டிய தேவையே இல்லை. தவிரவும், அந்தப் பாடல்கள் இலவசம் அல்ல. அவற்றின் உரிமையாளர்களிடம் உரிமம் பெற்று, உரிய கட்டணம் செலுத்தியே ஒலிபரப்ப வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்குக் கவலை தருகிறது. சமுதாய வானொலியின் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி, அந்தச் சமூகத்தின் பங்கேற்போடு உள்ளூரிலேயே தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி. இப்போதைய நிலையில் நீங்கள் அந்த அளவை எட்டவில்லை என்பது தெளிவு. நேரத்தைக் குறைத்தால் அந்தக் குறையும் தானாகவே தீர்ந்துவிடும்.

குறைந்த நேரம் ஒலிபரப்பினால் மதிப்புப் போய்விடும் என்று உங்கள் செயற்குழுவில் சிலர் சொல்லக்கூடும். அவர்களிடம் சங்கம் வானொலியை எடுத்துக்காட்டுங்கள். தெலங்கானாவின் ஜகீராபாத் அருகே, தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு தலித் பெண்கள் 2008 அக்டோபர் 15 அன்று தொடங்கிய நிலையம் அது. கல்வி நிறுவனங்களுக்கு வெளியே, ஒரு தன்னார்வ அமைப்பின் வழியாக இந்தியாவில் எழுந்த முதல் சமுதாய வானொலி. மாலையில் இரண்டு மணி நேரம் ஒலிபரப்பியே அது நாடெங்கும் பெயர் பெற்றது. சிறுதானியம், விதை, நாட்டு மருத்துவம், வயலில் பாடும் பாட்டு என அந்தப் பெண்களுக்குத் தெரிந்தவையே அதன் நிகழ்ச்சிகள். நம் பக்கத்தில் பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்காகவே இயங்குகிறது. கடலுக்குப் போகிறவருக்குக் காற்றும் அலையும் எப்படி என்பது தெரிய வேண்டியிருக்கிறது, அதை அவர் பேசும் பேச்சிலேயே அந்த வானொலி சொல்கிறது.

உங்கள் வட்டாரத்துக்கு எது அப்படி வேண்டியிருக்கிறது என்பதை யோசித்தால் அந்த இரண்டு மணி நேரம் தானாகவே உருப்பெறும். ஏரிப் பாசன ஊர்கள் உங்களுடையவை. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, மதகு எப்போது திறப்பார்கள், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பவற்றைச் சென்னையில் இருக்கும் எந்த நிலையமும் சொல்லப்போவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக இருப்பவரை வாரம் ஒருமுறை பேச வையுங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்துக்கும் முன்னதாக, என்ன ரகம் போடலாம் என்று முன்பே போட்டுப் பார்த்த விவசாயியும் வேளாண் அலுவலரும் சேர்ந்து பேசட்டும். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் எங்கே மூட்டைகள் தேங்கியிருக்கின்றன, எங்கே சாக்கு இருக்கிறது என்று அன்றாடம் சொன்னால், டிராக்டர் வாடகை கொடுத்து நெல்லை ஏற்றிச்சென்று மூன்று நாள் காத்துக்கிடக்கும் குடும்பம் உங்கள் வானொலியை அணைக்காது. பால் சங்கத்தில் மாட்டுக்குத் தடுப்பூசி போடும் நாள், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கும் நேரம், மின்தடை அறிவிப்பு ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் செய்தி என்று எண்ணித் தயங்க வேண்டாம். குடிநீர், மின்சாரம், சுகாதாரம், பேரிடர், வேலைவாய்ப்பு ஆகியவை குறித்து உள்ளாட்சியும் அரசுத் துறைகளும் தரும் தகவல்களையும், உள்ளூர்ப் பண்பாட்டு நிகழ்வுகளையும், வானிலையையும் விதிகள் செய்தியில் சேர்ப்பதில்லை.

பாட்டு வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் உங்கள் மண்ணிலேயே பாட்டு இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடியவிடிய நடக்கும் பகுதி உங்களுடையது. ஒரு கூத்துக் குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அவர்களுக்கு ஒரு தொகையும் கொடுத்து, ஒரே ஒரு இரவின் கூத்தை நல்ல முறையில் பதிவு செய்துகொண்டால், வாரம் இருபது நிமிடமாகப் பல மாதங்களுக்கு ஒலிபரப்பலாம். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஸ்டூடியோவுக்கு அழைக்காமல் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சிமென்ட் சுவரும் தகரக் கூரையும் உள்ள அறையைத் தவிர்த்து, துணியும் பாயும் நிறைந்த அறையையோ திறந்த வெளியையோ தேர்ந்தெடுங்கள். விலை உயர்ந்த கருவி இல்லாத குறையை இந்தச் சிறு கவனம் பெருமளவு ஈடுசெய்யும்.

மாலை இரண்டு மணி நேரம் என்றேன். எந்த இரண்டு மணி நேரம் என்பதைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லக் கூடாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் பேருந்துகள் உங்கள் ஊர்களுக்கு எப்போது வருகின்றன, பால் கறக்கும் நேரம் எது, தொலைக்காட்சித் தொடர்கள் தொடங்கும் முன் பெண்களுக்கு எப்போது கை ஓய்கிறது என்று மூன்று வாரம் ஊர்ஊராகக் கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். எந்த வீட்டில் வானொலிப் பெட்டி இருக்கிறது, எந்த வீட்டில் கைப்பேசியில் எஃப்.எம். எடுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புதிய கைப்பேசிகள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. விதிப்படி நீங்கள் அமைத்திருக்க வேண்டிய ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பதை மத்திய அரசின் 2024ஆம் ஆண்டுச் சமுதாய வானொலி வழிகாட்டு நெறிகள் வற்புறுத்துகின்றன. அந்தக் குழுவை நிலையத்தில் கூட்டாமல் மாதத்துக்கு ஓர் ஊராகக் கூட்டுங்கள். உங்கள் நிகழ்ச்சியைப் பற்றி உண்மையான கருத்து அங்கேதான் கிடைக்கும்.

இனி ஆட்களைப் பற்றி. தன்னார்வலர்களை மட்டும் நம்பி ஒரு நிலையத்தை நடத்த முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவருக்காவது மாதச் சம்பளம் கொடுங்கள். புதிய மைக்கும் புதிய கணினியும் வாங்க வைத்திருக்கும் பணம் இருந்தால் அதை முதலில் இதற்குத் திருப்புங்கள். மற்றவர்களுக்கு, ஒலிபரப்பான ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி, பயணச் செலவைத் தனியாகக் கொடுங்கள். தொழிற்சாலை வேலைக்கோ திருமணமாகியோ போய்விடுகிறார்கள் என்று இளம்பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் போகத்தான் செய்வார்கள். அதில் அவர்கள் மேல் வருத்தம் கொள்ள ஒன்றுமில்லை. அவர்களோடு கூடவே நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களையும் பழக்குங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவருக்கு ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் கற்றுக்கொள்வது பெரிய காரியம் அன்று. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். அவர்கள் ஊரை விட்டுப் போகமாட்டார்கள்; ஊரார் அவர்களிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். பயிற்சி வேண்டுமென்றால் சென்னைக்கு வாருங்கள். 2004 பிப்ரவரி 1 முதல் இயங்கிவரும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி, இந்தியாவில் இவ்வகையில் முதன்முதலாக எழுந்த வளாக வானொலி. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு, இத்தகைய நிலையம் ஒன்றில் உங்கள் ஆட்கள் ஒரு வாரம் கூட இருந்து பார்த்தால், தாளில் படித்து வராத பல பழக்கங்கள் கைக்கு வரும்.

பணத்துக்கு வருகிறேன். 2024ஆம் ஆண்டின் நெறிகளின்படி மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் வரை நீங்கள் விளம்பரம் ஒலிபரப்பலாம். முன்பு அது ஏழு நிமிடமாக இருந்தது. மத்திய அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் பத்து வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்துள்ளது. அதாவது ஒரு நிமிடத்துக்கு 444 ரூபாய். ஆனால் அரசு விளம்பரம் நாள்தோறும் வராது. வந்தாலும் தொகை கைக்கு வரக் காலம் ஆகலாம். ஆகையால் அதை உபரி வருமானமாகக் கொள்ளுங்கள். அதை நம்பி யாருக்கும் சம்பளம் பேச வேண்டாம். சம்பளம் உள்ளூரிலிருந்து வரட்டும். உரக்கடை, திருமண மண்டபம், டியூஷன் சென்டர், நகை அடகுக்கடை, டிராக்டர் ஒர்க்‌ஷாப் என்று இருபது கடைகள் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் கொடுத்தால் இருபதாயிரம் ரூபாய் ஆகிறது. ஒவ்வொரு கடைக்கும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என இருபது வினாடி கொடுத்தால், நான்கு மணி நேர ஒலிபரப்பில் மொத்தமே பதினான்கு நிமிடத்துக்குள்தான் செலவாகும். கடைக்காரரின் சொந்தக் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அவர் தன் வாடிக்கையாளரிடமெல்லாம் கேட்கச் சொல்லுவார். தாம்பரத்திலும் வண்டலூரிலும் குடியேறிவிட்ட உங்கள் ஊர்க்காரர்களிடம் ஆண்டுக்கொருமுறை நன்கொடை கேட்பதிலும் தவறில்லை. ஆனால் வரவு செலவை ஒலிபரப்பிலேயே வாசித்துவிடுங்கள்.

ஏஜென்சி கேட்பதை ஏற்க வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறேன். சமுதாய வானொலிக்கான அனுமதி மற்றவருக்கு மாற்றித்தரத் தக்கதன்று. மாலை முழுவதையும் வெளியார் கையில் ஒப்படைப்பது, எந்தப் பெயரில் ஒப்பந்தம் எழுதினாலும், நிலையத்தை வாடகைக்கு விடுவதற்குச் சமம். விளம்பரங்கள் உள்ளூர் வணிகத்தையும் சேவையையும் வேலைவாய்ப்பையும் சார்ந்திருக்க வேண்டும் என்பதும், நிகழ்ச்சிகளுக்குப் புரவலராக அரசுத் துறைகளையும் பொதுநலத் தகவல் தரும் அமைப்புகளையும் மட்டுமே ஏற்கலாம் என்பதும் இத்துறையின் அடிப்படை நெறிகள். ஏதேனும் புகார் எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஏஜென்சியைத் தேட முடியாது. இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது, வயலிலிருந்தும் வேலையிலிருந்தும் மக்கள் வீடு திரும்பும் நேரத்தையே அவர்கள் கேட்கிறார்கள் என்பது. அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது, எவரும் கேட்காத பகற்பொழுது.

சக்தி கூடிய டிரான்ஸ்மிட்டரை அனுமதியின்றி வாங்கிப் பொருத்துவது சட்டப்படி குற்றம். உங்கள் வயர்லெஸ் உரிமமே போய்விடும். சமுதாய வானொலியின் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட் அளவோடு நிற்க வேண்டும். ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமலும் 30 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். எஃப்.எம். அலை ஏறத்தாழப் பார்வைக்கோட்டிலேயே செல்லுவதால், சக்தியை இரட்டித்தாலும் கேட்கும் தூரம் சிறிதளவே கூடும்; ஆன்டெனாவின் உயரமும் கேபிளின் நலமுமே பெரிதும் பயன் தரும். டிரான்ஸ்மிட்டரின் முகப்பில், ஆன்டெனாவிலிருந்து திரும்பிவரும் சக்தியின் அளவைக் காட்டும் மீட்டர் இருக்கும். நிறுவிய அன்று பொறியாளர் எழுதிக்கொடுத்த அளவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடியிருந்தால், இரண்டு வடகிழக்குப் பருவமழைகளைக் கண்ட உங்கள் ஆன்டெனாவின் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்ய மெக்கானிக்கை ஏற்றாமல், கருவி விற்ற நிறுவனத்தின் பொறியாளரை வரவழையுங்கள். அளவு சரியாக இருந்தால் மிக்ஸரிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் ஒலியளவைப் பாருங்கள். அது தாழ்ந்திருந்தாலும் தூரத்து ஊரில் இரைச்சல்தான் மேலோங்கும். இரண்டையும் பார்க்கும் முன், அதே ஊரில் நீட்டும் கம்பி உள்ள ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக் கேளுங்கள். ஹெட்போன் வயரையே ஆன்டெனாவாகக் கொண்ட கைப்பேசியை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க வேண்டாம்.

கையில் ஏதேனும் பணம் இருந்தால் அதை மின்தடையின்போது நிலையத்தை ஓட்டும் பேட்டரிகளில் போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இங்கே சென்னையில் மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் பல பகுதிகளில் ஒருசேர அற்றுப்போயின. அத்தகைய இரவில், கிளியாற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது, எந்தப் பள்ளியைத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்பதை பேட்டரி போட்ட வானொலிப் பெட்டிதான் சொல்ல முடியும். டிரான்ஸ்மிட்டர், மிக்ஸர், கணினி மூன்றும் சேர்ந்து 300 வாட் எடுக்கும் என்று கொண்டால், 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு, பாதி அளவு மட்டும் பயன்படுத்தினாலும், ஐந்தாறு மணி நேரம் தாங்கும்.

கட்சிப் பிரமுகர்கள் விஷயத்தில் ஒரே விதியை எல்லாருக்கும் எழுதி ஸ்டூடியோச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியோ நடப்பு அரசியலோ ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். ஊராட்சித் தலைவர் குடிநீர்த் தொட்டி எப்போது நிரம்பும் என்று சொல்ல வரலாம். தன் சாதனைகளைச் சொல்ல வரக் கூடாது. தேர்தல் அறிவித்துவிட்டால் வேட்பாளர் எவரின் குரலும், பக்திப் பாடல் நிகழ்ச்சியில்கூட வேண்டாம். விதியைக் காட்டி மறுத்தால் கோபம் உங்கள் மேல் நிற்காது.

ஒலிபரப்பிய அனைத்தையும் மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் எம்.பி.3 கோப்புகளாக 25 ஜிபி கூட ஆகாது, ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க் போதும். மூன்று வாரப் பதிவேட்டின் நகலையும், டிரான்ஸ்மிட்டர் நிறுவிய அன்று எழுதிய அளவையும் இப்போது அதன் மீட்டர் காட்டும் அளவையும், ஏஜென்சிக்கு நீங்கள் எழுதப்போகும் மறுப்புக் கடிதத்தின் வரைவையும் அனுப்பிவையுங்கள். பார்த்து, மாலை நிகழ்ச்சிகளுக்கு ஒரு வாரப் பட்டியலை உங்களோடு சேர்ந்து வகுத்துத் தருகிறேன்.